கூத்து வட்டம் தொடங்குவோருக்கு: போரைக் கடந்து வந்த குடும்பங்களோடு பாடுவதும் ஆடுவதும்

பெங்களூருவில் இருக்கும் ஈழத்துக் குடும்பங்களை ஒரே கூட்டமாக நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. நானும் அதைத்தான் செய்தேன். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகேறி இராமேசுவரத்தில் இறங்கி, உறவினர் ஒருவரின் விலாசத்தை நம்பி இந்நகருக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். வன்னியில் இறுதிப் போரைக் கண்ணால் கண்டு, 2009க்குப் பின் படிப்பு, வேலை, திருமணம் என்று ஏதோ ஒரு வழியில் வந்து சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டு, தென்கன்னட மாவட்டத்தின் சுள்ளியா, புத்தூர் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னொரு வகை. அவர்களுடைய குடும்பங்களை ஊர்பெயர்த்தது குண்டு அன்று, இரண்டு பிரதமர்களின் கையெழுத்து. யாழ்ப்பாணத்தாருக்குக் காத்தவராயன் கூத்து, மட்டக்களப்பாருக்கு வடமோடி, தென்மோடி என்ற இரு பாணிக் கூத்துகள், மன்னார்க் கத்தோலிக்கருக்கு வாசாப்பு என்னும் சமய நாடகம், மலையகத்தாருக்குக் காமன் கூத்தும் தப்பும் என்று ஒவ்வொருவருக்கும் நெஞ்சில் கிடப்பது வேறு வேறு. ஆகவே யார் எந்த ஊர் என்பதை அறிவதற்கு முன்பாக எந்தப் பாட்டையும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இந்த நகரத்துக்கென்று தனியாக ஒரு சங்கதியும் உண்டு. 1991 ஆகஸ்டில், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தேடப்பட்டவர்கள் நகரின் தெற்கே கோணனகுண்டேயில் ஒரு வீட்டுக்குள் இறந்து கிடந்த செய்தி வந்ததும், இங்கிருந்த ஈழத்துக் குடும்பங்கள் தங்கள் பேச்சையே மறைக்கத் தொடங்கினார்கள் என்பதை வயதானவர்கள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ‘ஓம்’ என்பது ‘ஆமா’ ஆயிற்று. ‘கதைக்கிறது’ என்பது ‘பேசறது’ ஆயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டி நகரில் கலவரம் வந்தபோது, தமிழ் பேசுவதே ஆபத்து என்ற நிலையும் சேர்ந்துகொண்டது. பிள்ளைகள் கன்னடமும் ஆங்கிலமும் கற்றுத் தப்பித்துக்கொண்டார்கள். பெற்றோரின் பேச்சு சமையலறைக்குள்ளேயே நின்றுவிட்டது. நீங்கள் தொடங்கப்போகும் வட்டத்தின் முதல் வேலை, அப்படி ஒளித்து வைத்த பேச்சுக்கும் மெட்டுக்கும் வாரத்தில் இரண்டு மணி நேரம் இடம் கொடுப்பதுதான். மனக்காயம், சிகிச்சை என்ற சொற்களை அழைப்பிதழில் போடாதீர்கள். ‘பாட்டுக்கூட்டம்’ என்று அழைத்தால் வருவார்கள். ‘மனநல நிகழ்ச்சி’ என்றால் வரமாட்டார்கள், வந்தாலும் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வருவார்கள்.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பல ஆண்டுகள் பணிபுரிந்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனி மனிதரின் மனத்தோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் உறவின் கட்டமைப்பையும் சேர்த்தே சிதைக்கிறது என்பதைத் தம் எழுத்துகளில் விரிவாக விளக்கியவர். ஊராகச் சிதைந்ததை ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்து மட்டும் சரிசெய்ய முடியாது என்பதே, கூட்டமாகச் செய்யும் ஒரு கலையைத் தேடிப் போவதற்குக் காரணம். பேரிடர்க் காலத்து மனநல உதவி பற்றி 2007இல் ஐ.நா. சார்ந்த அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலும், மக்களின் சொந்தப் பண்பாட்டு வழக்கங்களுக்கும் சமயச் சடங்குகளுக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. கூத்து அந்த இடத்தை நிரப்பக்கூடியது. மருந்தின் இடத்தை அது நிரப்பாது. இந்த எல்லை உங்களுக்குத் தெளிவாக இருந்தால் போதும், மற்றவற்றைப் போகப்போகக் கற்றுக்கொள்ளலாம்.

இடமும் ஓசையும்

அல்சூரிலும் சிவாஜிநகரிலும் காக்ஸ் டவுனிலும் தேவாலயங்களுக்கும் கோயில்களுக்கும் சொந்தமான சிறு கூடங்கள் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். இருபது பேர் வட்டமாக அமரக்கூடிய, இரண்டு வாசல்கள் உள்ள அறையாகப் பாருங்கள். வாசல்களில் ஒன்று எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். போரில் பதுங்குகுழியில் இருந்தவர்கள் வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார்கள் என்பதை முதல் நாளிலேயே கவனிப்பீர்கள். மேடை உள்ள அரங்கம் வேண்டாம். மட்டக்களப்புக் கூத்து நடக்கும் வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரிக்குப் பின்வரிசை என்று ஒன்று கிடையாது, சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம். உங்கள் அறையிலும் அப்படியே உட்கார வையுங்கள்.

ஓசையைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். ஈழத்தவர் பலருக்குப் போர்விமானம் என்றால் ‘கிபிர்’ தான். இலங்கை விமானப்படை பயன்படுத்திய இஸ்ரேலியத் தயாரிப்பின் பெயரே அவர்கள் வாயில் விமானத்துக்குப் பொதுப்பெயராகிவிட்டது. பெங்களூருவிலோ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிப்ரவரி மாதத்தில் எலகங்கா விமானப்படைத் தளத்தில் ஏரோ இந்தியா கண்காட்சி நடக்கிறது. அதற்கு முந்தைய நாட்களின் ஒத்திகையின்போது போர்விமானங்கள் வீட்டுக்கூரையை உரசுவதுபோலப் பறக்கும். ஓர் ஆண்டு அந்தத் தேதிகளைப் பாராமல் நான் கூட்டத்தை வைத்துவிட்டேன். பாட்டு பாதியில் நின்றது. அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, யாரும் சொல்லாமலேயே, பக்கத்திலிருந்த குழந்தையின் தலையைத் தம் மடியில் அமுக்கிக்கொண்டு குனிந்துவிட்டார். ஓசை போன பிறகு அவரே வெட்கப்பட்டுச் சிரித்தார்; அந்தச் சிரிப்பைத்தான் எனக்கு மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து கண்காட்சி வாரத்திலும் தீபாவளி வாரத்திலும் எங்கள் கூட்டம் கிடையாது. பழைய விமான நிலையத்தை ஒட்டிய பகுதிகளில் ஆண்டு முழுவதுமே சோதனைப் பறப்பு நடக்கும் என்பதால் அப்பகுதியில் இடம் பார்க்காமல் இருப்பது நல்லது.

பறையையும் தப்பையும் முதல் நாளே எடுக்க வேண்டாம். அடைத்த அறைக்குள் பறையின் முதல் அடி ஷெல் விழுந்த ஓசைக்கு மிக அருகில் இருக்கும். கைத்தாளம், சல்லரி, பிறகு மத்தளம், பல வாரம் கழித்துப் பறை என்ற வரிசையில் போங்கள். ஒவ்வொரு புதுக் கருவியையும் முதலில் அவர்கள் கையில் கொடுத்து அவர்களையே தட்டச் சொல்லுங்கள். தானே எழுப்பும் ஓசைக்கு யாரும் அவ்வளவாகத் திடுக்கிடுவதில்லை. பறையின் தோலை வைக்கோல் தீயில் காய்ச்சுவது ஊர் வழக்கம். அடுக்குமாடிச் சங்கத்தார் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதோடு, புகைநாற்றமும் சிலருக்கு எரிந்த வீட்டை நினைவுபடுத்தும். நாங்கள் மொட்டைமாடி வெயிலில் ஒரு மணி நேரம் வைக்கிறோம், மழைக்காலத்தில் தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடேற்றுகிறோம். தொனி கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

முதல் வாரங்கள்

என் முதல் கூட்டத்தில் எல்லோரையும் சுற்றி உட்கார வைத்து, ‘நீங்கள் எப்படி இங்கே வந்தீர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்’ என்றேன். மூன்றாவதாக இருந்த பெண் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவர் திரும்பி வரவேயில்லை. அந்த வாரம் மட்டுமல்ல, அதற்குப் பிறகும். நடந்ததை ஒரே அமர்வில் கொட்டித் தீர்க்கச் சொல்வது பயன்தராது, சிலருக்குத் தீங்கும் செய்யும் என்பதால் உலக சுகாதார நிறுவனம் அம்முறையைப் பரிந்துரைப்பதில்லை என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். கதையைக் கேட்காதீர்கள். ஊரைக் கேளுங்கள், கோயிலைக் கேளுங்கள், திருவிழா எந்த மாதம் என்று கேளுங்கள், கூத்து எந்த வயலில் நடந்தது, கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் யார், அவர் எப்படித் திட்டுவார் என்று கேளுங்கள். பிள்ளைக்காலத்தில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வயல் வரப்பில் தூங்கிப்போன நினைவு இல்லாத கிழக்கு மாகாணத்து மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை. போருக்கு முன்பும் அவர்களுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது என்பதை நம்மைப் போன்றவர்கள்தான் மறந்துவிடுகிறோம்.

குடிப்பதற்குப் பில்டர் காப்பியை நீட்டாமல், வெறும் தேத்தண்ணீரும் கடித்துக்கொள்ளக் கொஞ்சம் பனங்கட்டியும் வையுங்கள். பனங்கட்டி கிடைக்காவிட்டால் சீனி போதும். இதைச் சில்லறை விஷயமாக நினைக்க வேண்டாம். எங்கள் வட்டத்தில் முதல் பாட்டு பிறந்தது தேத்தண்ணீர்க் குவளையில்தான்: ஒருவர் கரண்டியால் குவளையைத் தட்டிக்கொண்டே காத்தவராயன் மெட்டில் முணுமுணுத்தார், எதிரில் இருந்த அம்மா அடுத்த அடியை எடுத்தார், இரண்டு பேருக்கும் மூன்றாவது அடி மறந்துபோயிருந்தது. ‘தம்பி, முப்பது வருஷமா இதைப் பாடேல்லை, எங்கட அவரும் இல்லை, யாரிட்டக் கேக்கிறது’ என்றார் அந்த அம்மா. அந்த மறந்த அடியைத் தேடுவதே அடுத்த நான்கு வாரத்து வேலையாயிற்று: கனடாவில் இருந்த ஓர் அண்ணனுக்குத் தொலைபேசி, பருத்தித்துறையில் ஒரு மாமிக்குக் குரல்செய்தி என்று வட்டம் பெரிதானது. நீங்கள் இணையத்தில் தேடி அந்த அடியை ஒரு நொடியில் கொண்டுவந்து கொடுத்துவிடாதீர்கள்.

அவர்கள் பாடும்போது திருத்தவும் வேண்டாம். கர்நாடக இசை கற்ற நண்பர்கள் உதவிக்கு வருவார்கள். மனம் நல்லதுதான், ஆனால் சுருதிப்பெட்டியை வைத்தவுடன் பாட்டு தேர்வாகிவிடுகிறது. கூத்துப் பாட்டின் இழுவையும் தொண்டையின் கரகரப்பும் குறையல்ல, அதன் நடை. உச்சரிப்பைச் சென்னைத் தமிழுக்கு மாற்றுவதோ இன்னும் மோசம், ஏனெனில் 1991இலிருந்து அவர்கள் செய்துகொண்டிருந்ததே அதுதான்.

நீண்ட அடிகளைப் பலர் சேர்ந்து பாடும்போது மூச்சு மெதுவாக வெளிவரும். அப்படி நீண்டு மூச்சு விடும்போது நெஞ்சுத் துடிப்பு தணியும் என்பது உடலியலில் தெரிந்த செய்தி. ஆகவே கூட்டத்தை வேகமான சந்தத்தில் தொடங்கினாலும், தாலாட்டு போன்ற இழுவையான மெட்டில் முடியுங்கள். தாலாட்டு யாருக்கும் பாதுகாப்பானது என்று நினைத்துவிடவும் கூடாது. பிள்ளையை இழந்தவர் இருக்கும் அறையில் அதைப் பாடுவதற்கு முன், தனியாக, காதோடு, கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பாரியைக் கேட்காதீர்கள்

நாட்டார் பாடல் தொகுக்கும் ஆர்வத்தில் வருபவர்கள் எப்படியும் இதைக் கேட்டுவிடுவார்கள்: ‘ஒரு ஒப்பாரி பாடிக் காட்டுங்களேன்.’ சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடினால் சாவை அழைப்பதாகும் என்ற நம்பிக்கை இரண்டு கரையிலும் உண்டு. அதைவிடப் பெரிய தடை வேறொன்று. போரின் கடைசி மாதங்களில் முல்லைத்தீவுக் கரையில் இறந்தவர்கள் பலருக்கு எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் என்ற கணக்கில் எந்தச் சடங்கும் நடக்கவில்லை, உடலையே விட்டுவிட்டு நடந்தவர்கள் உண்டு. அவர்களுக்குப் பாடாமல் போன ஒப்பாரி நெஞ்சுக்குள்ளேயே கிடக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீட்டாரோ, ஒப்பாரி பாடுவது என்றால் இறந்துவிட்டார் என்று தாங்களே ஒப்புக்கொள்வதாகும் என்று நினைக்கிறார்கள். 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் தெருவோரப் பந்தலில் பிள்ளைகளின் படத்தை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததன் பொருளே, நாங்கள் இன்னும் அழத் தொடங்கவில்லை, பதில் சொல்லுங்கள் என்பதுதான். அப்படிப்பட்டவர் ஒருவர் உங்கள் வட்டத்தில் இருக்கலாம், உங்களிடம் சொல்லாமலும் இருக்கலாம்.

ஒப்பாரி தானாக வந்தால் வரட்டும். எங்கள் வட்டத்தில் ஒரே ஒரு முறை வந்தது, மே மாதத்து ஞாயிறு ஒன்றில். அப்போது செய்ய வேண்டியது மிகக் குறைவு: மத்தளத்தை நிறுத்துங்கள், கைபேசிகளை உறையில் போடச் சொல்லுங்கள், பக்கத்தில் இருக்கும் பெண்கள் தோளோடு தோள் சாய்ந்து மாரடிக்க விரும்பினால் இடம் விடுங்கள், கைதட்டாதீர்கள், ‘அழாதீங்கம்மா’ என்று சொல்லாதீர்கள். முடிந்தபின் முகம் கழுவத் தண்ணீர் கொடுங்கள். சாவு வீட்டிலிருந்து வந்தவர் குளிக்காமல் உள்ளே வருவதில்லை அல்லவா, அந்தத் தண்ணீருக்கும் ஏறக்குறைய அதே பொருள்தான்.

சூடு தணிப்பதற்கென்றே ஈழத்தவரிடம் ஒரு சடங்கு இருப்பதையும் நினைவில் வையுங்கள். மட்டக்களப்புப் பக்கத்துக் கண்ணகி கோயில்களில் வைகாசி மாதச் சடங்கின் முடிவில் திருக்குளிர்த்தி நடக்கும். மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் சினத்தை வேப்பிலையாலும் நீராலும் பாட்டாலும் குளிர வைக்கிறார்கள். முல்லைத்தீவின் வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கல் வருவதும் வைகாசியிலேயே. போர் முடிந்த நாளும் இந்தச் சடங்குகளும் காலண்டரில் அடுத்தடுத்து வருகின்றன என்பதால், மே மாதத்துக் கூட்டத்தை உங்கள் விருப்பப்படி திட்டமிடாமல், பெரியவர்களிடமே விட்டுவிடுங்கள். சிலர் குளிர்த்திப் பாட்டைப் பாட விரும்புவார்கள். சிலர் அம்மாதம் முழுவதும் பாடவே விரும்ப மாட்டார்கள்.

ஆட்டமும் கதையும்

ஆடுவதற்கு மூன்று நான்கு மாதம் ஆகும். முதலில் உட்கார்ந்தபடியே பாதத்தால் தாளம், பிறகு எழுந்து நின்று, பிறகு வட்டமாக நடை. காலில் ஷெல் துண்டு இன்னும் இருப்பவர்கள், செயற்கைக்கால் பொருத்தியவர்கள் உண்டு. அவர்களுக்குத் தாளம் பிடிக்கும் வேலையை இரக்கத்தால் கொடுக்காதீர்கள், மத்தளக்காரர் இல்லாமல் களரியே இல்லை என்பதால் கொடுங்கள். சதங்கை கட்டும் நாளை மட்டும் சிறிது ஆரவாரமாகச் செய்யலாம். ஊரில் சட்டங் கொடுத்தல் (ஆடுவோருக்குப் பாத்திரமும் பாட்டும் கொடுப்பது), சதங்கை அணிதல், அரங்கேற்றம் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு சடங்கு இருந்தது; படிப்படியாக வருவதற்குப் பழகிய கலை இது, அவசரப்படுத்தினால் உடையும்.

கதையைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் வேண்டும். வடமோடியில் பெரும்பாலும் போர்க்கதைகள். தென்மோடியில் காதலும் மகிழ்ச்சியான முடிவும் அதிகம். அபிமன்யு சூழப்பட்டுக் கொல்லப்படும் இடத்தை, மகனை இழந்தவர் முன்னால் ஆடுவது அறியாமை. காத்தவராயன் கழுவேறும் காட்சியும் அப்படியே. முத்துமாரி அம்மனுக்கும் மகனுக்கும் நடக்கும் தர்க்கப் பாட்டுகளோடு நிறுத்திக்கொள்ளலாம். காமன் கூத்து எரிந்தவன் மீண்டும் எழுவதைச் சொல்வதால், அதைத் தாங்களாகவே பலர் கேட்டு வாங்குகிறார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் கோல்கொண்டு ஆடும் வசந்தன் மிகப் பொருத்தம். தவறினால் எதிரில் இருப்பவரின் விரலில் அடி விழும் என்பதால், அவர்கள் கைபேசியை மறக்கும் ஒரே நேரம் அதுவாக இருக்கிறது.

மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைச் சித்திரை மாதத்தில் பெங்களூருவின் கரகத் திருவிழா பார்க்க அழைத்துப் போனேன். தர்மராய சுவாமி கோயிலிலிருந்து திகளர் சமூகத்தார் எடுக்கும் அந்தக் கரகம் திரௌபதிக்கானது என்றதும், ‘எங்கட பாண்டிருப்பிலயும் திரௌபதை அம்மன்தான், தீ மிதிக்கிறது’ என்று அந்த ஐயா கூட்டத்துக்குள் இறங்கிவிட்டார். முப்பது ஆண்டுகளாக அவருக்கு இந்த நகரம் வேலை பார்க்கும் ஊராக மட்டுமே இருந்திருக்கிறது.

அழைப்புகளை எச்சரிக்கையோடு ஏற்க வேண்டும். ஒரு கல்லூரி விழாவுக்கு எங்களை அழைத்தவர்கள், கேட்காமலேயே சுவரொட்டியில் ‘அகதிகளின் கண்ணீர் நடனம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். பாதி வழியில் திரும்பி வந்தோம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதால், இங்கே இருப்பவர்களின் நிலை பல நேரங்களில் ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டிய காகிதத்தில் தொங்குகிறது. இலங்கையில் இன்னும் சொந்தக்காரர்கள் உள்ளவர்களுக்கு வேறு கவலைகளும் உண்டு. ஆகவே காணொளி எடுப்பதில்லை, வாட்ஸ்அப் நிலையில் படம் போடுவதில்லை என்பதை முதல் நாளே எல்லோரும் கேட்கும்படி சொல்லிவிடுங்கள். ஒலிபெருக்கி வைப்பதாயின் இரவு பத்து மணிக்கு மேல் சட்டப்படியே முடியாது. விடிய விடிய ஆடும் ஆசை உள்ளவர்களுக்கு இந்த வருத்தம் தீராது.

ஒருவர் உறைந்துபோனால்

பாட்டின் நடுவில் ஒருவர் கண் நிலைகுத்தி, கூப்பிட்டால் கேளாமல் இருந்தால், தாளத்தைச் சட்டென்று வெட்டாமல் மெதுவாக அடக்குங்கள். பின்னாலிருந்து தொடாதீர்கள். முன்னால் வந்து, அவர் பெயரையோ, அம்மா, அண்ணை என்று அவர்களுக்குப் பழகிய முறையையோ சொல்லி, ‘இது பெங்களூரு, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வாசல் திறந்திருக்கு’ என்று நிதானமாகச் சொல்லுங்கள். இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தச் சொல்லுங்கள், குளிர்ந்த நீரைக் கையில் கொடுங்கள். என்ன நினைவு வந்தது என்று கேட்க வேண்டாம். உருவேறி, அதாவது சாமி வந்து, ஆடுபவர்களை இதோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. அதை எப்படி இறக்குவது என்பது வட்டத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இல்லை, குடி மிஞ்சிவிட்டது, ‘இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு வருகிறது என்றால் அது பாட்டால் தீராது. ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு நீங்களே உடன் போங்கள். முதல் வரவில் சீட்டு எடுக்க வரிசையில் நிற்பதற்கு ஒரு துணை இருந்தால்தான் பலர் உள்ளே நுழைகிறார்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலும் இலவசமாகப் பேசலாம். இந்த எண்ணைத் தேத்தண்ணீர் மேசைக்கு மேலே, எல்லோரும் பார்க்கும்படி, யாருக்கும் தனியாகச் சுட்டிக்காட்டாமல் ஒட்டி வையுங்கள்.

ஓர் ஆண்டு முடிவதற்குள் வட்டத்தில் யார் அண்ணாவியார் என்பது தானே தெரிந்துவிடும். யார் குரலுக்கு மற்றவர்கள் நிறுத்துகிறார்களோ அவர்தான். எங்கள் வட்டத்தில் அது, முதல் மூன்று மாதம் வாயே திறக்காமல் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி. ஊரில் பெண்கள் அண்ணாவியாராக இருப்பது அரிது என்று ஓர் ஐயா இன்றும் முணுமுணுப்பார், தாளம் தப்பினால் அவரிடம்தான் திட்டும் வாங்குவார். கூடத்தின் சாவியையும் மத்தளத்தின் உறையையும் அவரிடம் கொடுத்துவிட்டேன். இப்போது நான் போனால் குவளை கழுவும் வேலை எனக்கு.